அடிலெய்டு வீட்டில் வார இறுதி விருந்தும் ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிலெய்டில் இருக்கும் நம்மவர் வீட்டுக்கு மெல்போர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ நண்பர்கள் வந்தால், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்குள் நாலைந்து வேளை விருந்துச் சாப்பாடு. பரோசா ஒயின் பகுதி ஒரு மணி நேரத்தில், மெக்லாரன் வேல் ஒயின் பகுதி அதைவிடப் பக்கத்தில் என்று இருக்கும் ஊரில் "ஒயின் ஏதும் இல்லையா?" என்று கேட்காமல் யாரும் போவதில்லை. என்ன வாங்குவது, எதோடு ஊற்றுவது, எப்படி ருசி பார்ப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில். வேறு ஊரில் இருப்பவர்கள் பாட்டிலின் பெயரை மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பொருந்தும்.

கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்கிறார்களே. நம் சாப்பாட்டுக்கும் அதுதானா?

உப்பும் மிளகும் மட்டும் போட்டு வாட்டிய இறைச்சிக்கும் வெண்ணெயில் வதக்கிய மீனுக்கும் ஏற்பட்ட விதி அது. அந்தத் தட்டில் இறைச்சியின் ருசிதான் முன்னால் நிற்கும். நம் குழம்பில் கோழி கிடக்கிறதா கத்திரிக்காய் கிடக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தேங்காய்ப்பால் விட்டிருக்கிறதா, எண்ணெய் மேலே மிதக்கிறதா, இவைதான் நாக்கில் பேசும். ஒரே வஞ்சிரத்தை மசாலா தடவி வறுத்தால் ஓர் ஒயின் சேரும், புளிக்குழம்பு வைத்தால் வேறொன்று, சொதியில் போட்டால் இன்னொன்று. எனவே கடைக்குப் போகுமுன் சமையலறையில் கேட்க வேண்டிய கேள்வி: புளிப்பா, காரமா, தேங்காயா, பொரித்ததா?

இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமானால் ஒயின் சப்பென்று போய்விடும். சாப்பாட்டின் இனிப்பு ஒயினின் இனிப்பை மிஞ்சினால் ஒயின் புளித்த மாதிரி ஆகிவிடும். எண்ணெய்ப் பலகாரத்துக்குப் புளிப்பும் நுரையும் பிடிக்கும். துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பு ஒயினுக்கும் பச்சை மிளகாய்க்கும் ஆகவே ஆகாது.

காரமாகச் சாப்பிட்டுவிட்டு ஒயின் குடித்தால் ஏன் இன்னும் எரிகிறது?

மிளகாய் எரிவதும் சூடு சுடுவதும் வாயில் ஒரே உணர்வு வாங்கி (ரிசெப்டர்) வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. டி.ஆர்.பி.வி.1 என்று அதற்குப் பெயர். சாதாரணமாக 42 டிகிரி வாக்கில்தான் அது "சுடுகிறது" என்று சொல்லத் தொடங்கும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி வாக்குக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37. காயத்தில் ஸ்பிரிட் வைத்தால் எரிவதும் இதனால்தான். வாயில் மிளகாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே காரமான சாப்பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் இருக்கும் ஆல்கஹால் சதவீதம். 14.5 போட்ட, அடர்த்தியான சிவப்பு ஒயினான பரோசா ஷிராஸைக் காரக்குழம்போடு ஊற்றினால் ஷிராஸும் வீண், குழம்பும் வீண். 9 முதல் 12 வரை உள்ளது, நன்றாகக் குளிர்ந்தது, கொஞ்சம் இனிப்பு ஒட்டியிருப்பது என்றால் வாய் ஆறும். ஆஸ்திரேலிய லேபிள்களில் இந்த எண் ஒன்றரை சதவீதம் முன்பின் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் அரை சதவீத வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று நாளைக்கு என்னென்ன வாங்கி வைப்பது?

முதலில் சமையலைச் சொல்லுங்கள் என்பதுதான் நேர்மையான பதில். இருந்தாலும் நம் வீடுகளில் வார இறுதிச் சமையல் எப்படிப் போகும் என்று ஓரளவு தெரியும் என்பதால், ஒரு மாதிரித் திட்டம்.

வெள்ளி இரவு வண்டியிலிருந்து இறங்கியதும் கையில் கொடுப்பது வெங்காயப் பக்கோடா, மெதுவடை, ஈழத்து வீடென்றால் மீன் ரோல்ஸ், கட்லட். எல்லாம் எண்ணெயில் குளித்தவை. இதற்கு டாஸ்மேனியா அல்லது அடிலெய்டு ஹில்ஸ் ஸ்பார்க்ளிங், அதாவது நுரை ஒயின், ஒன்று. பொரித்த உப்புப் பலகாரத்தோடு குளிர்ந்த நுரை ஒயின்போல இந்த மூன்று நாளில் வேறெதுவும் சேராது என்பது என் கட்சி. விலையும் மிரட்டாது, பிரெஞ்சு ஷாம்பெயின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கத் தேவையில்லை. நுரை பிடிக்காதவர்களுக்கு ஹண்டர் வேலி செமில்லான் என்ற வெள்ளை ஒயின். திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவதால் பதினொன்று வாக்கில்தான் ஆல்கஹால் இருக்கும், எலுமிச்சைச் சாறுபோலத் துல்லியமான புளிப்பு.

சனி மதியம் பிரியாணி. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

சனி இரவு ஆப்பமும் சொதியும், அல்லது பரோட்டாவும் கோழிக் குருமாவும். தேங்காய்ப்பாலும் முந்திரியும் அரைத்துவிட்ட மிதமான காரத்துக்கு ஓக் மரப்பீப்பாய் வாசனை தூக்கலாக இல்லாத ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் நன்றாகப் படியும். அடிலெய்டு ஹில்ஸ் ஷார்டனே பக்கத்திலேயே கிடைக்கிறது. ஈடன் வேலி வியோனியே கிடைத்தால் அதையும் பாருங்கள். பாதாமிப்பழ வாசனையும் கொஞ்சம் கொழுப்பான உடம்பும் உள்ள ஒயின், குருமாவின் ஏலக்காயோடு ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு மதியம் மீன் குழம்பு அல்லது நண்டுக்கறி. தெற்கு ஆஸ்திரேலியாவின் ப்ளூ ஸ்விம்மர் நண்டை யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதற்கு லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஒன்றுதான் என் விடை. கிளேர் வேலி, ஈடன் வேலி ரீஸ்லிங்குகளில் பெரும்பாலானவை இனிப்பே இல்லாத வகை, 12 சதவீதம் வாக்கில் இருப்பவை. இனிப்பை மிச்சம் வைத்து எடுத்ததைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மறுபடியும் அந்த ஆல்கஹால் எண்தான். ரீஸ்லிங் பாட்டிலில் 9, 10 என்று போட்டிருந்தால், சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறுமுன் நொதிப்பை நிறுத்தியிருக்கிறார்கள், மீதிச் சர்க்கரை உள்ளே இருக்கிறது என்று பொருள்.

ஆக ஸ்பார்க்ளிங் ஒன்று, இனிப்பில்லாத ரீஸ்லிங் ஒன்று, இனிப்புள்ளது ஒன்று, ஷார்டனே ஒன்று, சிவப்பில் கிரெனாஷ் ஒன்று, ஷிராஸ் ஒன்று. ஆறு பாட்டில். இனிப்புப் பலகாரத்துக்கு மஸ்கட் என்ற இனிப்பு ஒயின் ஒரு சின்ன பாட்டில். பாட்டில் 20 முதல் 30 டாலருக்குள் இதெல்லாம் நல்ல தரத்திலேயே அமையும். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தை நண்டில் போடுங்கள்.

பிரியாணிக்கு எது?

ஆட்டுக்கறிப் பிரியாணியில் நெய், கறிக்கொழுப்பு, பட்டை, கிராம்பு, புதினா எல்லாம் இருக்கின்றன. காரம் குழம்பளவுக்கு இல்லை, புளிப்பு தயிரில்தான். அதனால் சிவப்பு தாராளமாக வரலாம், துவர்ப்பு குறைந்த சிவப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மெக்லாரன் வேல் கிரெனாஷ் அப்படிப்பட்டது. செர்ரி, ஸ்ட்ராபெரி வாசனையும் கொஞ்சம் பட்டை மாதிரியான மணமும் இருக்கும். சில பாட்டில்கள் 14.5 வரை போகும் என்பதால் மெலிதான பாணியில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான கிரெனாஷ் ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும்.

கொஞ்சம் வேடிக்கையாக எதையாவது வைக்க ஆசையென்றால் ஸ்பார்க்ளிங் ஷிராஸ். கருஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும், துளி இனிப்பும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்டோரியாவில் தொடங்கியது, இந்த நாட்டுக்கே உரிய பண்டம். இங்குள்ளவர்கள் கிறிஸ்துமஸ் அன்று வான்கோழியோடு குடிப்பார்கள். என்னைக் கேட்டால் வான்கோழியைவிடப் பிரியாணிக்குத்தான் அது பொருத்தம். வந்தவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள்.

காபர்நே சாவிஞ்ஞோன் வேண்டாம். கூனவாரா காபர்நே உலகத் தரமானதுதான், ஆனால் அதன் துவர்ப்பும் பிரியாணியின் பச்சை மிளகாயும் சேர்ந்தால் வாய் வறண்டுவிடும். பார்பிக்யூவில் உப்பு மட்டும் போட்டு ஆட்டுக்கால் வாட்டும் நாளுக்கு அதை எடுத்து வையுங்கள்.

மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடித்தால் ஏன் வாயில் கவிச்சி அடிக்கிறது?

காரணம் இரும்பு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிவப்பும் வெள்ளையுமாகப் பல ஒயின்களை உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு ருசி பார்க்க வைத்தார்கள். இரும்புச்சத்து அதிகமுள்ள ஒயின்களில் கவிச்சி அதிகமாகத் தெரிந்தது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தபோது கவிச்சி குறைந்தது. சிவப்பு ஒயின்களில் இரும்பு அதிகம் இருப்பது வழக்கம் என்பதால் பழி நிறத்தின் மேல் விழுந்துவிட்டது. நம் மேசையில் கருவாடும் நெத்திலி வறுவலும் இருந்தால் இது இன்னும் கடுமை. கருவாட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பையும் வைக்காதீர்கள். கருவாட்டோடு பியர் குடிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ரசம், தயிர் சாதம், ஊறுகாய்?

வேண்டாம். அந்த நேரத்தில் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

வீட்டிலேயே ருசி பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று நடத்த ஆசை. எப்படிச் செய்வது?

சனி மாலை நாலரை, ஐந்து மணி. மதியச் சாப்பாடு செரித்து, இரவுச் சமையல் தொடங்காத நேரம். தாளிப்பு வாசனை எழும்பிவிட்டால் ஒயினில் ஒன்றும் பிடிபடாது. அதே காரணத்துக்காகச் சாமி அறை ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட், இவற்றுக்கெல்லாம் அந்த ஒரு மணி நேரம் விடுமுறை. முடிந்தால் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். நாலு மணிக்கு ஃபில்டர் காபி போட்டுவிட்டு ஐந்து மணிக்கு ரீஸ்லிங் நீட்டாதீர்கள். காபியை முன்னால் தள்ளுங்கள், இல்லையென்றால் பின்னால்.

நான்கு ஒயின் போதும். மேலே சொன்ன ஆறிலிருந்தே எடுக்கலாம்: இனிப்பில்லாத ரீஸ்லிங், இனிப்புள்ள ரீஸ்லிங், கிரெனாஷ், ஷிராஸ். மெலிதானதிலிருந்து கனமானதற்கு என்பது பொது வரிசை. இனிப்பானதை இனிப்பில்லாததற்குப் பின்னால் வையுங்கள். ஆளுக்கு 50 மில்லி. கிளாஸில் இரண்டு விரல் அளவு இருந்தாலே நன்றாகச் சுழற்றி முகரலாம். முகர்ந்து பார்ப்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. நாக்கு புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று கொஞ்சம்தான் சொல்லும், மீதி எல்லாம் மூக்கு. துப்புவதற்கு ஒரு கிண்ணம் வையுங்கள். நம் வீட்டில் விருந்தாளி துப்புவதா என்று அம்மாமார் முகம் சுளிப்பார்கள், வெளியிலிருந்து பார்க்க முடியாத எவர்சில்வர் சொம்பு வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பொரி. கடையில் விற்கும் வாட்டர் கிராக்கரைவிட மேல்.

வெறும் ருசி பார்த்தலோடு நிறுத்தாமல், ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, உப்பு, சர்க்கரை, ஒரு துளி எண்ணெயில் குழைத்த இட்லிப்பொடி நான்கையும் வைத்து, இனிப்பில்லாத ரீஸ்லிங்கை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சையும் உப்பும் நக்கிய பிறகு அதே ஒயின் சாதுவாகவும் இனிப்பாகவும் தெரியும். சர்க்கரைக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீர் போலப் பல் கூசும். இட்லிப்பொடிக்குப் பிறகு எரியும். அடுத்த வாய் இனிப்புள்ள ரீஸ்லிங்கைக் கொடுத்தால் அந்த எரிச்சல் அடங்குவதைத் தாங்களே உணர்வார்கள். ஒயினும் சாப்பாடும் எப்படி ஒன்றையொன்று மாற்றுகின்றன என்று அரைமணி நேரம் விளக்கினாலும் புரியாதது, இந்த ஒரு தட்டில் புரிந்துவிடும்.

மதிப்பெண் அட்டை எல்லாம் வேண்டாம். "பிளாக்கரன்ட் வாசனை வருகிறதா?" என்று கேட்டு யாரையும் திணறடிக்கவும் வேண்டாம். நெல்லிக்காய், மாங்காய், கொய்யா, பனங்கற்கண்டு, மழை பெய்த மண் என்று அவரவர் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். ஒயின் வாசனைக்குப் பெயர் சொல்ல ஐரோப்பியத் தோட்டத்துப் பழங்கள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஷிராஸில் மிளகு மணக்கிறது என்கிறார்களே, கற்பனையா?

கற்பனை இல்லை. 2008இல் இதே அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த வாசனைக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ரொட்டன்டோன் என்று பெயர். நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது, அளவுதான் பல ஆயிரம் மடங்கு அதிகம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமில் நூறு கோடியில் 16 பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை துளியும் பிடிபடுவதில்லை. ஒரே கிளாஸை முகர்ந்துவிட்டு ஒருவர் "மிளகு ரசம்" என்பார், பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒன்றுமே இல்லையே" என்பார். இருவர் சொல்வதும் சரி. வீட்டில் சோதித்துப் பார்க்க நாலு மிளகைத் தட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு ஷிராஸ் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து, மாறி மாறி முகரச் சொல்லுங்கள். சனி மாலைக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

குளிர்ந்த இடத்து ஷிராஸில்தான் இந்த வாசனை அதிகம். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் அதற்குப் பேர்போனது, அடிலெய்டு ஹில்ஸிலும் கிடைக்கும். அந்த மெலிதான ஷிராஸைச் செட்டிநாட்டு மிளகுக் கோழி வறுவலோடு வைத்துப் பாருங்கள். மிளகின் காரம் மிளகாயின் காரம் அளவுக்கு ஆல்கஹாலோடு சண்டை போடாது. சூடான பரோசாவின் அடர்த்தியான ஷிராஸ் வேறு குணம், அதில் சாக்லேட்டும் நாவல்பழமும்தான் முன்னால் வரும்.

பழைய ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ரீஸ்லிங் வயதாகும்போது டி.டி.என். என்ற பொருள் உருவாகி அந்த வாடையைக் கொடுக்கும். வெயில் நன்றாக அடிக்கும் இடத்துத் திராட்சையில் இது அதிகம், ஆகையால் ஆஸ்திரேலிய ரீஸ்லிங்கில் சீக்கிரமே வரும். ரேஷன் கடை ஞாபகம் வந்தால் வரட்டும், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. உண்மையிலேயே கெட்டதற்கு அடையாளம் வேறு: நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் செய்தித்தாள் வாடை வந்தால் கார்க் கெடுத்திருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். இந்தத் தொல்லையால்தான் கிளேர் வேலி உற்பத்தியாளர்கள் சிலர் சேர்ந்து 2000ஆம் ஆண்டு ரீஸ்லிங்கைத் திருகு மூடிக்கு மாற்றினார்கள். திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று மாமா யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எவ்வளவு குளிர்? எந்தக் கிளாஸ்?

விலையைவிடக் குளிர்தான் முக்கியம் என்பேன். ஸ்பார்க்ளிங் 6 முதல் 8 டிகிரி, ரீஸ்லிங், செமில்லான் 8 முதல் 10, ஷார்டனே 11, 12, கிரெனாஷ் 14 வாக்கில், ஷிராஸ் 16 முதல் 18. "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு" என்று எழுதியவர் குளிர்ந்த ஐரோப்பிய வீட்டில் இருந்து எழுதினார், ஜனவரி மாத அடிலெய்டில் 40 டிகிரியில் இல்லை. எல்லாச் சிவப்பும் இருபது நிமிடமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிட இது வெகு வேகம்.

கிளாஸ் ஒரே வகை போதும், வாய் குறுகியதாக, பாதத்தைப் பிடித்துக்கொள்ளும்படி. எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் யாரும் கைது செய்யப்போவதில்லை, வாசனைதான் கிடைக்காது. ஒயினைக் காற்றாட ஊற்றி வைக்கும் டிகாண்டர் வாங்க வேண்டாம். இளம் ஷிராஸைக் கண்ணாடி ஜக்கில் ஊற்றி அரைமணி வைத்தால் அதே வேலை நடக்கும்.

எத்தனை பேருக்கு எத்தனை பாட்டில்? வண்டி ஓட்டுவது?

13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில், இந்த நாட்டுக் கணக்கில் 7.7 ஸ்டாண்டர்ட் டிரிங்க் இருக்கிறது. ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால், அதாவது 100 மில்லி ஒயின் ஏறக்குறைய ஒன்று. வீட்டில் ஊற்றும்போது கை தாராளமாகி 150, 180 போய்விடும், அதனால் "இரண்டு கிளாஸ்தானே" என்பது கணக்கில் சேராது. ஆரோக்கியமானவர்களுக்கு வாரத்துக்கு 10, ஒரு நாளில் 4, இதற்கு மேல் வேண்டாம் என்பது அரசு 2020இல் சொன்ன வழிகாட்டல். ஐந்து பேர் குடிக்கும் வீட்டில் ஆறு பாட்டில் என்றால் ஆளுக்கு ஒன்பது வாக்கில் வருகிறது. அதனால்தான் ஆறு என்றேன். ஒரு டஜன் வாங்கினால் பத்து டாலர் தள்ளுபடி என்பதற்காகப் பன்னிரண்டு வாங்காதீர்கள்.

ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வண்டி எடுக்கக் கூடாது. எல், பி தகடு ஒட்டிய இளசுகளுக்குப் பூஜ்யம். இரவு நன்றாகக் குடித்தவர் ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுவதும் யோசிக்க வேண்டியதே. தூங்கி எழுந்ததால் ஆல்கஹால் மறைந்துவிடாது.

நாங்கள் சைவம். ஒயின் சைவம்தானே?

திராட்சை சைவம், தெளிய வைக்கப் போடுவது சில சமயம் இல்லை. கலங்கலை இறக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்று பலதும் பயன்படுத்துவார்கள். முட்டையும் பாலும் ஒவ்வாமைப் பொருள்கள் என்பதால் லேபிளில் வந்துவிடும். ஐசிங்கிளாஸுக்கு விலக்கு உண்டு, அது லேபிளில் இல்லாமலே போகலாம். எனவே சைவத்தில் உறுதியாக இருப்பவர் வந்தால் பாட்டிலில் "வீகன்" என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இப்போது நிறையவே கிடைக்கிறது. இதை அவர் குடித்து முடித்த பிறகு சொல்லாதீர்கள்.

குடிக்காதவர்களை என்ன செய்வது?

நம் கூட்டத்தில் பாதிப் பேர் குடிக்கமாட்டார்கள். அத்தை, சித்தி, கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுபவர், நோன்பு, விரதம், வெறுமனே பிடிக்காதவர். காரணம் கேட்காமல், அவர்களுக்கும் அதே கிளாஸில் நல்லதாக ஒன்றைக் கொடுங்கள். ஆரஞ்சு ஜூஸ் டப்பாவை மூலையில் வைப்பது அவமரியாதை. பரோசாவில் வெர்ஜூஸ் கிடைக்கிறது, பழுக்காத திராட்சையைப் பிழிந்த புளிப்புச் சாறு. சோடாவும் கொஞ்சம் நன்னாரி சர்பத்தும் விட்டால் ருசி பார்க்கும் மேசையில் கௌரவமாக உட்காரும். பானகம், இஞ்சி தட்டிப்போட்ட மோர் இரண்டும் பிரியாணிக்கு எந்த ஒயினையும்விட நல்ல ஜோடி என்று வாதாடுபவர்களிடம் எனக்குப் பதில் இல்லை.

பாயாசத்துக்கும் குலாப் ஜாமூனுக்கும் ஒயின் உண்டா?

உண்டு, இனிப்பில் அவற்றை மிஞ்சியதாக இருக்க வேண்டும். விக்டோரியாவின் ரதர்கிளென் மஸ்கட். கொடியிலேயே திராட்சையை வற்றவிட்டுப் பறித்து, திராட்சைச் சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்தி, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்து எடுப்பது. உலர்திராட்சை, வெல்லப்பாகு, தேயிலை வாசனை. 17, 18 சதவீதம் என்பதால் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். ரதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு படி, முதல் இரண்டே போதும்.

நம்மவருக்கு இதன் வாசனை ஏற்கெனவே தெரியும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. ரதர்கிளென்னில் விளையும் மஸ்கட்டுக்கு அது பேரன் முறை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தத் திராட்சையின் ரோஜா மணம், பீப்பாயில் பழுத்த இந்த ஒயினின் அடியிலும் இருக்கும். தேனிப் பக்கத்து விருந்தாளி இருந்தால் எதுவும் சொல்லாமல் முகரக் கொடுத்துப் பாருங்கள்.

பால் பாயாசத்துக்கு இது கொஞ்சம் அதிகம். அதிரசம், பால்கோவா, ஜாமூன், கருப்பட்டி சேர்த்த எதற்கும் கச்சிதம். வனிலா ஐஸ்கிரீம் மேல் நேராகவே ஊற்றலாம்.

சனிக்கிழமை தோட்டங்களுக்கே கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் காலையில் பரோசா, மாலையில் வீட்டில் ருசி பார்த்தல் என்று இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டு இடம் போதும், குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும், போகுமுன் முன்பதிவு. யாருக்காவது அறுபதாம் கல்யாணம் நெருங்குகிறதென்றால் பரோசாவின் செப்பல்ட்ஸ்ஃபீல்ட் ஒயின் தோட்டத்தைப் பாருங்கள். 1878 தொடங்கி ஒவ்வோர் ஆண்டின் ஒயினும் அங்கே பீப்பாயில் இருக்கிறது. பிறந்த ஆண்டு டானியை, அதாவது பீப்பாயில் பழுத்த இனிப்பு ஒயினை, பீப்பாயிலிருந்தே எடுத்து ஊற்றிக் கொடுப்பார்கள். அதே பரோசாவின் லாங்மெயில் தோட்டத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலொக்செரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வராததால்தான் அவை பிழைத்தன. அந்தப் பூச்சி செருப்பு மண்ணிலும் வரும். ஆகவே போட்டோவுக்காகக் கொடிகளுக்கு நடுவே இறங்காதீர்கள், அதிலும் அந்தப் பூச்சி இருக்கும் விக்டோரியாவின் மெல்போர்னிலிருந்து வந்தவர்கள்.

விருந்தாளி கொண்டுவந்த பாட்டிலை அன்றைக்கே திறக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. "இதை எதோடு குடித்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டுவிட்டு எடுத்து வையுங்கள். குளிரவைத்தே கொண்டுவந்திருந்தால் மட்டும் இன்றைக்கே திறக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

மூடியைத் திருகி, சிவப்போ வெள்ளையோ, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரீஸ்லிங் நாலைந்து நாள், சிவப்பு மூன்று நாள் தாங்கும். ஸ்பார்க்ளிங்குக்கு அதற்கென்று விற்கும் அழுத்த மூடி வேண்டும், அதிலும் மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். பாட்டில் வாயில் ஸ்பூன் தொங்கவிட்டால் நுரை நிற்கும் என்பது சும்மா. மஸ்கட் மட்டும் மாதக்கணக்கில் கெடாது. ஷிராஸ் அரை கிளாஸ் மிஞ்சினால் திங்கட்கிழமை ஆட்டுக்கறி வதக்கும்போது, வெங்காயம் சிவந்த பிறகு விட்டுச் சுண்ட விடுங்கள். தக்காளியை ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள், புளிப்பு ஏறிவிடும்.